உவர்நீரும் நோயும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மட்டக்களப்பு வாவியைப்பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாடுமீனின் இசையிலேயே தங்கிவிடுவர். அந்நீரின் இயல்பை ஆராயின் வேறொரு வரலாறும் புலப்படும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி மாரியில் நன்னீர் மிகுந்தும், முகத்துவாரம் திறந்தபின் கடல்நீர் புகுந்து உவர்த்தும் மாறுவது. வெப்பமும் மிதமான உவர்ப்பும் கூடிய இத்தகைய நீரே விபிரியோ என்னும் நுண்கிருமிக் குலத்துக்கு உவந்த உறைவிடமாகும்.

இக்குலத்துள் உலகம் முதலில் அறிந்தது வாந்திபேதிக் கிருமி. 1854இல் இத்தாலியரான பச்சினி அதனை நுணுக்குக்காட்டியிற் கண்டார், அறிஞருலகம் செவிசாய்த்திலது. 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவில் அதனை ஆராய்ந்து, குளமொன்றின் நீரிலும் கண்டார். மலத்தால் மாசுற்ற குடிநீரே நோய்க்கு ஏதுவென்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. அது மெய்யே, ஆயினும் அதன் ஒளியிற் கடல்நீர் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை.

1950இல் யப்பானின் ஒசாக்கா நகரில், அவித்து அரைகுறையாக உலர்த்திய சிறுமீன் குஞ்சுகளை உண்டோருள் 272 பேர் நோயுற்றனர். 20 பேர் மாண்டனர். காரணமான கிருமியைப் பியூசினோ என்னும் அறிஞர் பிரித்தெடுத்தார். உப்பின்றி வளராத கிருமி அது! உப்புநீர் புண்ணை ஆற்றும் என இன்றும் கூறுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. 1996இல் கல்கத்தாவில் தலைகாட்டிய இதன் ஒருவகை, சில ஆண்டுகளுள் அமெரிக்கா வரை சென்றது.

யப்பானியர்போல் மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. இறாலும் நண்டும் புளியாணத்திற் கொதிக்கும்போது கிருமி மடிகின்றது. எனினும் அடுப்பு வாய்வழியை மட்டுமே காக்கும். 1976இல் அமெரிக்க ஆய்வாளர் விவரித்த வேறொரு விபிரியோ, காயத்தின் வழியாகவும் உடலிற் புகுவது. 1979இல் அதற்கு இடப்பட்ட ‘வல்னிபிக்கஸ்’ என்னும் இலத்தீன் பெயரே காயஞ்செய்வது எனப் பொருள்படும். சில மணிநேரத்துள் வீக்கமும் கொப்புளமும் தோன்றும். ஈரல்நோயாளர்க்கும் நீரிழிவுடையார்க்கும் ஆபத்து மிகுதி. இந்நோய் கண்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறப்பர்.

இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிவோனுக்கு மட்டியோடு கீறுவதும் நண்டு கடிப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். அவன் அதனை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. வீக்கங் கண்டு வைத்தியசாலைக்குச் சென்றாலும், காயம் வாவிநீரிற் பட்டதென்று கூறாவிடின் வைத்தியர் அதனைச் சாதாரணச் சீழ்ப்புண்ணாகவே கருதக்கூடும். இக்கிருமிக்கு டொக்சிசைக்கிளினோடு வேறொரு மருந்தையும் சேர்த்துத் தாமதமின்றிக் கொடுப்பதே முறை.