ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று: அழியா வேதிப்பொருள்களின் கட்டுப்பாட்டு வரலாறு

ஒட்டாத தோசைக்கல், கறை படியாத கம்பளம், எண்ணெய் கசியாத உணவுத்தாள், மழைக்கு நனையாத மேலங்கி எனப் பல பொருள்களுக்குப் பொதுவாக அமைந்தது கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு. இயற்கையில் அது எளிதில் சிதைவதில்லை. பிஃபாஸ் எனப்படும் இந்தக் குடும்பத்துக்கு ‘அழியா வேதிப்பொருள்கள்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். 1938-இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லானும், 1950-களில் 3எம் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஸ்காட்ச்கார்டும் இக்குடும்பத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. அரசுகள் இதில் தலையிட ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. தீங்கை நிரூபிக்கும் சுமையை விற்பவர்மீது வைக்காமல் அரசின்மீது வைத்த சட்ட அமைப்பே அத்தாமதத்தின் வேர் என்பதும், அச்சுமை கைமாறத் தொடங்கிய பிறகே கட்டுப்பாடு பொருளுள்ளதாயிற்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டு நச்சுப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், அப்போது சந்தையில் இருந்த சுமார் 62,000 வேதிப்பொருள்களைச் சோதனையின்றியே தொடர அனுமதித்தது. ஒன்றைத் தடை செய்ய வேண்டுமானால் அதன் ஆபத்தைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிறுவியாக வேண்டும். அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதை 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டியது: ஆஸ்பெஸ்டாஸுக்கு முகமை விதித்த தடையின் பெரும்பகுதியையே நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆபத்துக்கான சான்றுகளோ பெரும்பாலும் உற்பத்தியாளரின் கோப்புகளில் கிடந்தன. டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ, கர்ப்பிணித் தொழிலாளியிடமிருந்து கருவுக்குக் கடந்ததை 1981-லேயே அறிந்திருந்தும் டூபான்ட் தெரிவிக்கவில்லை என்று முகமை 2004-இல் குற்றஞ்சாட்டியது. அதற்கு வழி திறந்தது, மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலையருகே கால்நடைகள் மடிந்ததையொட்டி வழக்கறிஞர் ராப் பிலட் தொடுத்த வழக்கு. 2005-இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 1.65 கோடி டாலருக்கு உடன்பட்டது.

தடைச் சட்டம் எட்டாத இடத்தில் முகமை தன்னார்வ ஒப்பந்தத்தை நாடியது. 2000-இல் 3எம் இக்குடும்பத்தின் மற்றொரு சேர்மமான பிஎஃப்ஓஎஸ் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. 2006-இல் எட்டு நிறுவனங்கள் 2015-க்குள் பிஎஃப்ஓஏவை ஒழிக்க இசைந்தன. இது பலன் தந்ததே, சட்டம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கர்களின் இரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் அளவு 1999-க்குப் பிந்தைய இருபதாண்டுகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனால், பிஎஃப்ஓஏ விட்ட இடத்தில் அதே குடும்பத்தின் ஜென்எக்ஸ் வந்து அமர்ந்தது. 2017-இல் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றுநீரில் அது இருப்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை மிகுந்த கவலைக்குரிய பொருளாக அறிவித்தது. பெயர் மாறியது, பிணைப்பு மாறவில்லை.

ஒவ்வொன்றாகச் சோதித்துத் தடுப்பதே அறிவியல் நேர்மை என்பது வலுவான மறுப்பு. பார்க்கர்ஸ்பர்க் வழக்கின் வழியே அமைந்த அறிவியல் குழு அந்த நேர்மையின் விலையைக் காட்டுகிறது. சுமார் 69,000 பேரின் தரவுகளைக் கொண்டும், பிஎஃப்ஓஏ என்ற ஒரே சேர்மத்துக்குச் சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவுகட்ட அதற்கு 2012 வரை ஏழாண்டுகள் ஆயின. குடும்பத்திலோ ஆயிரக்கணக்கான சேர்மங்கள். பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் 2009, 2019, 2022 என ஒவ்வொரு சேர்மமாகவே முன்னேறியது. தீங்கு உறுதியாகும் வரை காத்திருந்தால், அதற்குள் நீரிலும் மண்ணிலும் கலந்ததைத் திரும்ப அள்ள முடியாது. ஆகவே, நஞ்சு நிரூபணமாவதற்கு முன்பே அழியாமையையே கட்டுப்பாட்டுக்குப் போதிய காரணமாகக் கொள்வது நியாயம். 2023-இல் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் முழுக் குடும்பத்தையும் கட்டுப்படுத்த முன்மொழிந்ததன் அடிப்படையும் இதுவே.

எல்லாச் சேர்மங்களும் ஒரே தரமல்ல, டெஃப்லான் போன்ற பலபடிகள் உடலில் கரைவதில்லை, மருத்துவக் கருவிகளுக்கும் குறைக்கடத்திகளுக்கும் அவை தேவை என்பது தொழில்துறையின் வாதம். பலபடி கரையாதது சரி. பார்க்கர்ஸ்பர்க்கின் நீரைக் கெடுத்தது வாணலி அல்ல, வாணலிக்கான பூச்சைச் செய்த ஆலை. தேவை பற்றிய வாதத்துக்கு 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் நெறிமுறையில் முன்மாதிரி உண்டு: ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களை ஒழிக்கையில் ஆஸ்துமா உறிஞ்சிகளுக்கு ‘இன்றியமையாப் பயன்பாடு’ என்று விலக்கு கிடைத்தது. மின்னசோட்டா மாநிலச் சட்டமும் அவ்வழியே செல்கிறது. 2025 ஜனவரி முதல் சமையல் பாத்திரம், ஒப்பனைப் பொருள் உள்ளிட்ட 11 வகைகளில் இவற்றைத் தடுக்கும் அது, 2032 முதல் தவிர்க்கவியலாதது என்று ஏற்கப்பட்ட பயன்பாட்டை மட்டுமே அனுமதிக்கும்.

இந்த மாற்றம் இன்னும் உறுதிப்படவில்லை. பிரான்சு 2025-இல் இயற்றிய சட்டம் ஒப்பனைப் பொருள்களையும் ஆடைகளையும் சேர்த்துக்கொண்டு, தொழில்துறையின் எதிர்ப்புக்குப்பின் சமையல் பாத்திரங்களை விட்டுவிட்டது. ஒரே வாணலி மின்னசோட்டாவில் விலக்கப்பட்டு, பிரான்சில் விற்கப்படுகிறது. இரண்டு இடங்களிலும் அதன் வேதியியல் ஒன்றுதான். வேறுபடுவது, இது இல்லாமல் முடியாதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் கடமை அங்கே யாருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பது.