நாட்கணக்கிற் சைவம்

யாழ்ப்பாணத்தில் 'சைவம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சமயம், மற்றையது சாப்பாடு. "இன்றைக்கு எங்கள் வீட்டிலே சைவம்" என்று ஒருவர் சொன்னால், அவர் தமது சமயத்தை அறிவிக்கவில்லை. அடுப்பில் மீன்சட்டி ஏறவில்லை என்பதையே சொல்கிறார். இதன் எதிர்ச்சொல் 'மச்சம்'. மீனைக் குறிக்கும் அந்த வடசொல் இங்கே ஆட்டிறைச்சி, கோழி, முட்டை எல்லாவற்றையும் தனக்குள் அடக்கிக்கொண்டது. கடல் சூழ்ந்த குடாநாட்டிலே மீன் மற்றவற்றுக்குத் தலைமை தாங்கியதில் வியப்பில்லை.

புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இன்று 'வீகன்' ஆகிவருகின்றனர். மீன், இறைச்சியோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் முறை இது. 1944 இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரைச் சேர்ந்தவர்களும் தொடங்கிய சங்கத்தோடு அந்தச் சொல் பிறந்தது. ஒரேயடியாக விடாமல், கிழமையில் ஒரு நாள், பின்னர் இரண்டு நாள் என்று படிப்படியாக விடும்படி புதியவர்களுக்கு ஆலோசனை கூறப்படுகிறது. நல்ல ஆலோசனைதான். ஆனால் இதை மேல்நாட்டார் கண்டுபிடித்த உபாயம் என்று எண்ணுகின்றவர்கள் தங்கள் அம்மம்மாவின் குசினியைப் பார்த்ததில்லை என்றே கொள்ளவேண்டும்.

தமிழகத்துச் சைவ வேளாளர் பிறப்பிலேயே மரக்கறி உண்பவர்கள். யாழ்ப்பாணத்து வேளாளர் அப்படியல்லர். குருமார் குடும்பங்களை விட்டால், இங்கே சைவம் என்பது குலத்தால் வந்ததன்று, நாளால் வந்தது. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. பல வீடுகளிற் செவ்வாயும் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இல்லை. ஐப்பசியிற் கந்தசட்டி ஆறு நாள், கார்த்திகை மார்கழியிற் பிள்ளையார் பெருங்கதை 21 நாள், அதன்பின் திருவெம்பாவை பத்து நாள். தகப்பனை இழந்தவருக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவருக்குச் சித்திராபௌர்ணமி. கூட்டிப் பார்த்தால், விரதத்தில் ஊன்றிய ஒரு வீட்டில் ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் மச்சம் கிடையாது. தீபாவளிக்கு அயலார் கூடி ஆடு வாங்கிப் 'பங்கு' போட்டு உண்பதும், அதை அடுத்துச் சட்டி தொடங்கியதும் சட்டிபானை கழுவிக் கவிழ்ப்பதும் ஒரே வீட்டிலே நடக்கும். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. சில வீடுகளில் மீன் காய்ச்சும் அடுப்பே குசினிக்கு வெளியிலேதான் இருந்தது.

வயது ஏற ஏற நாட்களும் ஏறும். பேரப்பிள்ளை பிறந்ததும் ஒன்றை விடுவார்கள். சமய தீட்சை பெற்றதும் முழுவதும் விடுவார்கள். எழுபது வயதில் ஒருவர் முழுச் சைவர் ஆவது எங்கள் ஊர்களில் யாரும் கவனிக்காத செய்தி. அதற்கான ஒத்திகை நாற்பது ஆண்டுகள் நடந்திருக்கும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் வரலாறு ஒன்று இருக்கிறது. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கொடுக்கவேண்டும் என்று கட்டளை பிறந்ததாகவும், தமது முறை வருவதற்கு முதல்நாள் இரவே திருநெல்வேலி ஞானப்பிரகாசர் ஊரை விட்டு இந்தியாவுக்குப் போய்விட்டதாகவும் மரபு கூறும். (இது நல்லூரை அடுத்த திருநெல்வேலி, தாமிரபரணிக் கரையில் உள்ளதன்று.) அவர் வடமொழி பயின்று, துறவியாகி, சிவஞானசித்தியாருக்கு உரை செய்தார். சிதம்பரத்திலே ஞானப்பிரகாசர் குளம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. விரதச் சோறு உண்ட வாழையிலையை அதிகாரிகளின் கண்ணிற் படாமற் கூரையிலே செருகி மறைத்தார்கள் என்பதும் அந்நியராட்சிக் காலத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி. ஓர் எச்சிலிலை ஒருவனுடைய சமயத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சிய காலம் அது. மரக்கறி உணவு வெறும் உணவாக அல்லாமல் அடையாளமாக இறுகியதற்கு இந்த அச்சத்திலேதான் காரணம் தேடவேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த அடையாளத்துக்கு எழுத்துருவம் கொடுத்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1847 செப்டெம்பரில் இங்கிலாந்தின் ராம்ஸ்கேற் நகரில் மரக்கறி உணவாளர் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு டிசெம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். ஒருவரை ஒருவர் அறியார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலை, பின்னர் அச்சுக்கூடம், பாலபாடங்கள். நான்காம் பாலபாடத்திற் கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல் என்று தனித்தனிக் கட்டுரைகள் உண்டு. பல தலைமுறைப் பிள்ளைகள் அவற்றை மனனஞ் செய்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு உண்டார்கள். நாவலர் தோற்றார் என்று சொல்லலாமா? முழுதாகச் சொல்ல முடியாது. மீனை ஊர் விடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மீன் காய்ச்ச ஊர் கூசியது.

நாவலர் கோயில்களில் உயிர்ப்பலி இடுவதையும் கடுமையாகக் கண்டித்தார். 'வேள்வி' என்று இங்கு வழங்கும் அந்தச் சடங்கு அவருக்குப் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது. 2017 இலேதான் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கடா வெட்டும் கோயில் தடுக்கப்பட்டது. சந்தையில் இறைச்சிக்கடை வழக்கம்போல் இருந்தது. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரம், வாங்குபவன் இல்லையேல் விற்பவன் இல்லை என்று வாதிடுவதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சைவச் சோறு சாதியின் இலையிலும் பரிமாறப்பட்டது. மீன் பிடிப்பவனும் கள் இறக்குபவனும் மாட்டிறைச்சி உண்பவனும் 'துப்புரவற்றவர்' என்று சொல்லியே கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். நிறுத்தியவர்கள் சனிக்கிழமை அதே மீனை வாங்கினார்கள். நாவலர் சாதி ஒழுங்கை எதிர்த்தவரும் அல்லர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு, உயிரிரக்கம் எவ்வளவு எளிதாக மனித இரக்கத்தைத் தாண்டிப்போகும் என்பது விளங்கும். 1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடையும் கடற்கட்டுப்பாடும் கரையோரக் குடும்பங்களை மீனில்லாச் சோற்றுக்குத் தள்ளின. அது விரதமன்று, வலோற்காரம்.

இனிப் பால். வீகன் பிள்ளைகளுக்கு நம் சமையல் ஒரு கொடை. யாழ்ப்பாணத்திற் 'பாற்கறி' என்றால் அது தேங்காய்ப் பால். கப்பிப்பாலில் அவியவிட்டு, முதற்பால் விட்டு இறக்கும் கத்தரிக்காய்; சொதி; நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி; எள்ளுப்பாகு; பனாட்டு; புழுக்கொடியல். இவற்றுக்கு மாடு தேவையில்லை. குடாநாட்டில் மேய்ச்சல் நிலம் குறைவு. எருது உழவுக்கும் வண்டிக்கும். பட்டி அடைத்த மாட்டின் எரு புகையிலைத் தோட்டத்துக்கு. பால் குழந்தைக்கும் நோயாளிக்கும் கோயிலுக்கும் என்று அளந்தே புழங்கிய பொருள். சிக்கல் கோயிலிலேதான்: பாலாபிடேகம், பஞ்சாமிர்தம், பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுக்கும் திருநீறு. இதற்கு நாவலர் நூல்களில் விடை கிடையாது. அப்படி ஒரு கேள்வி அவர் காலத்தில் எழவில்லை.

தேநீருக்குள் பால் தாராளமாகக் கலந்தது பால்மாப் பைக்கற்றுகள் கடைக்கு வந்த பிற்காலத்தில். 2022 நெருக்கடியிற் பால்மா கிடைக்காமற் போனபோது, பல வீடுகளில் வெறுந்தேநீரும் பனங்கட்டிக் கடியும் திரும்பி வந்தன. பால்மா கடைக்கு வந்ததும் பனங்கட்டிக் குட்டான் மறுபடி பரணுக்கு ஏறிவிட்டது.