உளநூலும் குழந்தையின் அழுகையும்

தொட்டிலிற் கிடக்கும் குழந்தை நள்ளிரவில் வீறிட்டு அழுகின்றது. தாய் எழுந்து சென்று அதனைத் தூக்கி அணைக்கவேண்டுமா, அன்றி அழுது ஓயட்டும் என்று விட்டுவிடவேண்டுமா? நெடுங்காலமாக இவ்வினாவுக்கு விடைகாண ஏட்டறிவு எதுவும் வேண்டப்படவில்லை. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேனாட்டுத் தாய்மார் பலர் இதற்கு விடையை உளநூல் அறிஞரிடம் எதிர்பார்த்தனர். அவ்வறிஞர் கூறிய விடைகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. அவை ஏன் முரண்பட்டன என்பதை அறிய, அந்நூல் பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

மனம் என்பது யாது என்னும் ஆராய்ச்சி மிகப் பழையது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் உயிரைப்பற்றித் தனிநூல் ஒன்றே இயற்றினார். பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சிய அறிஞர் டேக்காட், உடலும் உள்ளமும் வெவ்வேறு பொருள்கள் என வாதித்தார். எனினும், அக்கால ஆராய்ச்சி முழுவதும் தத்துவத்தின் ஒரு கூறாகவே நின்றது. மன நிகழ்ச்சிகளைக் கணிதத்தால் அளத்தல் இயலாமையின், உளநூல் உண்மையான இயற்கை விஞ்ஞானம் ஆகமாட்டாது என்று ஜேர்மானியத் தத்துவஞானி காண்ட் 1786ஆம் ஆண்டிற் கருத்துத் தெரிவித்தார்.

அக்கருத்தை அசைத்தது ஒரு தவளையின் நரம்பு. நரம்பின் வழியே செல்லும் தூண்டல் அளக்கமுடியாத வேகத்தை உடையது எனப் பலர் எண்ணியிருந்த காலத்தில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் 1850ஆம் ஆண்டளவில் அதனை அளந்து காட்டினார். அதன் வேகம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் மாத்திரமே. உணர்ச்சி மூளையை அடையக் காலம் செல்லுமாயின், அக்காலத்தை அளக்கலாம் அன்றோ? பெக்னர் 1860இல் வெளியிட்ட தம் நூலில், தூண்டலின் அளவுக்கும் உணர்ச்சியின் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கணித வாய்பாட்டில் அமைத்தார். 1879ஆம் ஆண்டில் வில்கெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளநூலுக்கென ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். அந்த ஆண்டையே இவ்விஞ்ஞானத்தின் பிறந்த ஆண்டாகக் கொள்ளுதல் வழக்கம்.

வுண்ட் கையாண்ட முறைகளுள் ஒன்று அகநோக்கு. ஓர் ஒலியைக் கேட்பவன், அப்போது தன் உள்ளத்தில் நிகழ்வதைத் தானே கவனித்துக் கூறுதல் வேண்டும். அவருடைய மாணவர் டிச்சனர் இம்முறையை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்று, மனத்தை அதன் கூறுகளாகப் பிரித்துக் காட்ட முற்பட்டார். இது அமைப்புக் கொள்கை எனப் பெயர்பெற்றது. 1890இற் பெருநூல் ஒன்றை வெளியிட்ட வில்லியம் ஜேம்சோ, உணர்வு என்பது துண்டு துண்டாக வெட்டத்தக்கது அன்று, இடையறாது ஓடும் ஆற்றை ஒத்தது என்றார். மனம் எவற்றால் ஆயது என்பதிலும், வாழ்க்கைக்கு அது எவ்வாறு உதவுகின்றது என்பதே அவர்க்கு முதன்மையாகத் தோன்றியது. அவரைத் தழுவி எழுந்தது தொழிற்பாட்டுக் கொள்கை.

அகநோக்கு முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஓர் ஆய்வுகூடத்தார் தம் உள்ளத்திற் கண்டதை மற்றோர் ஆய்வுகூடத்தார் காணவில்லை என்றால், வழக்கைத் தீர்ப்பவர் எவர்? மேலும், தொட்டிற் குழந்தையை நோக்கி உன் உள்ளத்தை ஆராய்ந்து சொல் என்று கேட்டல் இயலுமா? பேச அறியாக் குழந்தையின் முன்னே அம்முறை வாயடைத்து நின்றது.

இவ்விடத்தில் இரண்டு வழிகள் பிரிந்தன. வியன்னா நகர வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட் உள்ளத்தின் அடியாழத்தை நோக்கிச் சென்றார். மனிதன் தன்னைப்பற்றி அறிந்திருப்பது சிறிது, அறியாது மறைத்திருப்பதே பெரிது என்றும், வளர்ந்தோரின் நோய்கட்குக் குழந்தைப்பருவத்து விருப்பங்களும் அச்சங்களும் வித்தாகும் என்றும் அவர் கூறினார். நோயாளியை மனம்போனவாறு பேசவிட்டுப் பொறுமையோடு செவிசாய்ப்பதே அவருடைய சிகிச்சை முறை. அவர்தம் முடிபுகள் பலவற்றைப் பிற்காலத்தார் சான்று போதாதென ஒதுக்கினர். எனினும், துன்புறுவோன் பேச்சைக் கேட்டல் வேண்டும் என்ற நெறி நிலைத்துவிட்டது.

மற்றைய வழியில் சென்றவர் அமெரிக்கரான ஜோன் வாட்சன். கண்ணுக்குப் புலனாகாத மனத்தை விடுத்து, புறத்தே தோன்றும் நடத்தையை மாத்திரம் ஆராய்தல் வேண்டும் என 1913இல் அவர் முழங்கினார். ருஷிய நாட்டுப் பவ்லோவ் நாய்களிடம் கண்ட பழக்குமுறை அவர்க்குக் கருவியாயிற்று. 1920இல் வாட்சனும் அவருடைய துணையாளர் ரேய்னரும் வெளியிட்ட பரிசோதனை பெரிதும் பேசப்பட்டது. பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளெலியைக் காட்டி, அது தொடுங்கால் பின்னே நின்று உருக்குச் சட்டத்தைச் சம்மட்டியால் அடித்து ஓசை எழுப்பினர். சில முறைக்குள் குழந்தை எலியைக் கண்ட அளவிலே அழத் தொடங்கியது. பின்னர் முயலையும் உரோம ஆடையையும் கண்டும் அது அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர். அக்கொள்கையின் ஆற்றலும் அதன் கொடுமையும் ஒருங்கே இதில் வெளிப்பட்டன. ஆயின், 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி அதே கொள்கையை நன்மைக்குப் பயன்படுத்தினார். முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் விரும்பியதை உண்ணும் வேளையில், முயலைச் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர்ந்து அவனுடைய அச்சத்தை அவர் நீக்கினார்.

1928இல் வாட்சன் குழந்தை வளர்ப்புப்பற்றி ஒரு நூல் எழுதினார். குழந்தைகளை அணைத்தலும் முத்தமிடுதலும் தகா, மடியில் வைத்தலும் ஆகாது, காலையிற் கைகுலுக்கினாற் போதும் என்பது அதில் அவர் தாய்மார்க்குக் கூறிய அறிவுரை. அழுகையைப் பழக்கத்தால் விளைவதாகக் கொண்ட கொள்கை, இவ்வாறு வீட்டினுள்ளேயே புகுந்தது.

இக்காலத்தில் ஜேர்மனியில் வேறொரு குரல் ஒலித்தது. அடுத்தடுத்துத் தோன்றி மறையும் இரு கோடுகள், நகரும் ஒரே கோடாகக் கண்ணுக்குத் தெரிவதை 1912இல் வேர்தைமர் ஆராய்ந்து காட்டினார். அந்நகர்ச்சி இரு கோடுகளுள் ஒன்றிலும் இல்லை. முழுமை என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகை அன்று என்பதே இம்முழுமைக் கொள்கையின் சாரம். அவர்தம் தோழர் கோலர் தெனரிப் தீவில் மனிதக் குரங்குகளை ஆராய்ந்தார். பெட்டிகளை அடுக்கி உயரத்திலுள்ள பழத்தை எட்டிய அவ்விலங்குகளிடம், வெறும் பழக்கத்துக்கு அப்பாற்பட்ட நுண்ணறிவை அவர் கண்டார். நாற்சி ஆட்சி எழுந்ததும் இவ்வறிஞர் குழாம் சிதறியது. 1933இல் வேர்தைமரும் 1935இல் கோலரும் தாய்நாட்டை நீங்கினர். முதுமையும் நோயும் வாட்டிய பிராய்ட் 1938இல் இலண்டனில் அடைக்கலம் புகுந்து, அடுத்த ஆண்டு அங்கேயே மறைந்தார்.

உலகப்போர் முடிந்தபின், குழந்தையின் அழுகைக்குப் புதிய பொருள் காணப்பட்டது. தாயன்பை இழந்த குழந்தைகளின் நிலைபற்றி, உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி 1951இல் ஓர் அறிக்கை வரைந்தார். அக்காலத்து ஆங்கில நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் காண்பதற்குக் கடுங்கட்டுப்பாடுகள் இருந்தன. தனித்துவிடப்பட்ட குழந்தை நாளடைவில் அழுகையை நிறுத்தியபோது, அது பழகிவிட்டது என மருத்துவமனையார் கருதினர். போல்பியின் உடனாய்வாளர் ஜேம்ஸ் றொபேட்சன், இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனையிலே படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். அந்த அமைதி நலத்தின் அறிகுறி அன்று, நம்பிக்கை இழந்ததன் அறிகுறி என்பதே அவர் கண்ட உண்மை. 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து காண இடமளித்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில், ஹாலோ குரங்குக் குட்டிகளைக்கொண்டு இதனை ஆராய்ந்து 1958இல் விளக்கினார். பால் தரும் கம்பிப் பாவையையும், பால் தராத துணிப் பாவையையும் அவற்றின் அருகே வைத்தார். குட்டிகள் பசிக்குக் கம்பியை நாடினவேனும், எஞ்சிய பொழுதில் துணியையே பற்றிக்கிடந்தன. அன்பு என்பது உணவால் விளையும் பழக்கம் மாத்திரம் அன்று என்பது தெளிவாயிற்று. தாயினின்று பிரிக்கப்பட்ட அக்குட்டிகள் பட்ட துயரும் மறக்கற்பாலதன்று. 1959இல் சொம்ஸ்கி, குழந்தை மொழி கற்பதை வெறும் பழக்கத்தால் விளக்கிய ஸ்கின்னரின் நூலைக் கடுமையாக விமரிசித்தார். நடத்தைக் கொள்கை விலக்கிவைத்த மனம், அறிவாற்றல் ஆராய்ச்சி என்னும் பெயரோடு மீண்டும் விஞ்ஞானத்தினுள் இடம்பெற்றது.

பிழைபட்டவர் வாட்சன் மாத்திரம் அல்லர். பிராய்டின் நெறியைப் பின்பற்றிய பெற்றல்கைம், ஓட்டிசம் என்னும் நிலைக்குத் தாயின் அன்பின்மையைக் காரணமாக 1967இற் காட்டினார். ஆராய்ச்சி அதனைப் பின்னர் மறுத்தது. ஆயினும், அதற்குள் குற்றமற்ற தாய்மார் பலர் பழிசுமந்தனர். 2015ஆம் ஆண்டில் அறிஞர் பலர் கூடி, முன்பு வெளிவந்த 100 உளநூல் ஆய்வுகளை மீளச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே முன்னைய முடிபை உறுதியாகத் தந்தது.

ஒவ்வொரு கொள்கையும் மனிதனின் ஒரு கூற்றைத் தெளிவாகக் கண்டது. அக்கூற்றையே முழு மனிதனாகக் கொண்டபோது அது தவறியது. பேராசிரியர் தம் தவற்றை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். ஆனால், அக்காலத்தில் தொட்டிலில் அழுத குழந்தைக்கு அடுத்த பதிப்பு என்பது இல்லை. மனத்தைப்பற்றிய எந்தக் கொள்கையையும் ஏற்குமுன் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.