அதித்லான் ஏரி: குறைந்த செலவில் மாயன் கிராமங்கள்

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அதித்லான் ஏரி. தென்கரையில் மூன்று எரிமலைகள். சுற்றிலும் மாயன் மக்களின் கிராமங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு.

செலவைத் தீர்மானிப்பது படகுதான். பனாஹச்செல் படகுத்துறையில் தனிப் படகுக்கு அழைப்பார்கள். ஊர்க்காரர்கள் ஏறும் பொதுப் படகே மலிவு. காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் ‘சோகோமில்’ காற்று எழும்பினால் படகு தூக்கிப் போடும். பொழுது சாய்ந்தால் பொதுப் படகும் இல்லை. பிறகு கேட்ட விலைதான்.

தங்க சான் பெத்ரோவில் மலிவான விடுதிகள் உண்டு. பக்கத்து சான் ஹுவானில் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, செடிச் சாயமேற்றிய நூலை இடுப்பில் கட்டிய தறியில் நெய்கிறார்கள். பல நாள் உழைப்பு அது. அங்கே அடிமாட்டு விலைக்குக் கேட்பது நியாயமில்லை. சில்லறையாகக் குவெட்சால் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.