பிளெவ்னாவில் முழங்கிய துப்பாக்கி

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் மதில்களைத் தகர்த்த பெரும் பீரங்கியை உதுமானியர் தம் எதிர்னே நகரிலேயே வார்த்தனர். வார்த்த கைவினைஞர் ஹங்கேரியர் என்பர், அது வேறு செய்தி. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே பேரரசு, தன் காலாட்படைக்கான துப்பாக்கியை அட்லாண்டிக்குக்கு அப்பால் தேடிற்று. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்திலிருந்த பிராவிடன்ஸ் டூல் நிறுவனத்திடம் 1870-களில் ஏறத்தாழ 6 இலட்சம் பீபாடி-மார்ட்டினி துப்பாக்கிகள் கோரப்பட்டன. பிரிட்டன் 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றியின் உடன்பிறப்பு இது. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைத் தாழ்த்தித் தோட்டாவை இட்டு, மீண்டும் உயர்த்தினால் சுட ஆயத்தம்.

1877-இல், இன்றைய பல்கேரியாவிலுள்ள பிளெவ்னாவில், காஜி உஸ்மான் பாஷாவின் வீரர்கள் அகழிகளில் இருந்தவாறே ரஷ்யரை ஜூலையில் இருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் முறியடித்தனர். ரஷ்யரின் கிரின்கா துப்பாக்கி எட்டாத தொலைவிலேயே உதுமானியத் தோட்டாக்கள் அவர்களைச் சாய்த்தன.

நம் நூல்கள் பெரும்பாலும் இவ்வீரத்தோடு நின்றுவிடுகின்றன. கணக்கேட்டையும் புரட்டியாக வேண்டும். கடன்வட்டியை முழுமையாகச் செலுத்த இயலாதெனப் பேரரசு 1875-இலேயே அறிவித்திருந்தது. முற்றுகையில் உணவு அருகிப்போக, உடைத்து வெளியேறும் முயற்சியும் தோற்று, டிசம்பர் 10 அன்று பாஷா சரணடைந்தார். துப்பாக்கிகளின் விலை உரிய காலத்தில் வாராமையால் பிராவிடன்ஸ் நிறுவனமும் பின்னர் நொடித்தது. 1881-இல் உதுமானிய வரிகள் சிலவற்றைத் திரட்டும் உரிமை ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகத்திடம் சென்றது. உப்பும் புகையிலையும் அவற்றுள் அடங்கும்.