தொச்சி மொச்சி

தொச்சி மரத்தின் கொட்டையைப் பசையரிசியோடு சேர்த்து ஆவியில் அவித்து, உரலில் இடித்துச் செய்யும் பழுப்பு நிறப் பண்டம். வெறும் பசையரிசியில் செய்யும் வெள்ளை மொச்சி ஜப்பான் முழுவதும் உண்டு. தொச்சி மொச்சியோ மலைநாட்டுக்கு உரியது. ஷிகா மாகாணத்தின் குத்ஸுகியும் இஷிகாவா மாகாணத்தின் ஹகுசான் மலையடிவார ஊர்களும் இதற்குப் பெயர்பெற்றவை.

தொச்சி, மலையோடைக் கரைகளில் 30 மீட்டர் வரை வளரும் பெருமரம். அறிவியல் பெயர் ஈஸ்குலஸ் டர்பினாட்டா. 1847இல் ப்ளூம் என்னும் தாவரவியலாளர் இட்டது. முன்பு தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்த இப்பேரினத்தை இப்போது சபிண்டேசியே குடும்பத்தில் சேர்த்துள்ளனர். நம் பூந்திக்கொட்டையும் இக்குடும்பமே. பூந்திக்கொட்டைக்கு நுரை தரும் சப்போனின் வகைப் பொருள்களே தொச்சிக் கொட்டையைக் கடுங்கசப்பாக்கி, பச்சையாக உண்ணத் தகாததாக்குகின்றன.

இக்கசப்பை முறித்தவர்கள், நெல் வேளாண்மைக்கு முந்தைய ஜோமோன் காலத்து மக்கள். பீவா ஏரியின் தென்பகுதியில் நீருக்கடியில் உள்ள அவாஸு கிளிஞ்சல் மேட்டில், இடை ஜோமோன் காலத் தொச்சித் தோடுகள் படிவு படிவாகக் கிடைத்துள்ளன. சைதாமா மாகாணத்தின் அகயாமா ஜின்யாவில், பிற்பட்ட ஜோமோன் காலத்தவர் மரச்சட்டமிட்டுக் கட்டிய நீர்த்துறையும் அதனருகே தோட்டுக் குவியலும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆகவே கொட்டையைப் பதப்படுத்தும் கலை ஜப்பானிய நெல்வயலுக்கு மூத்தது. மலையூர்ப் பெண்களின் கைமுறை அதன் வாரிசாக இருக்கலாம். அரிசி பின்னால் வந்து சேர்ந்தது.

செப்டம்பரில் உதிரும் கொட்டைகளைப் பொறுக்கி, புழு சாக நீரில் ஊறவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். காய்ந்த கொட்டை பல ஆண்டு கெடாது. வேண்டியபோது மீண்டும் ஊறவைத்து, வெந்நீரில் தோலை இளக்கி, இரு கட்டைகளை இணைத்த கருவியின் இடுக்கில் வைத்து நெரித்து உரிப்பார்கள். பிறகு பல நாள் ஓடும் நீரில் கிடக்கும். அடுத்து வருவது சாம்பல். கொட்டையைச் சூடாக்கி, விறகுச் சாம்பலும் வெந்நீரும் கலந்த குழம்பில் மூடி வைப்பார்கள். ஓக் போன்ற அகன்ற இலை மரங்களின் சாம்பலே நல்லது. காரம் குறைந்தால் கசப்பு நிற்கும், மிஞ்சினால் கொட்டை கரைந்தே போகும். இதற்கு எழுதிவைத்த அளவு இல்லை, நாக்கில் வைத்துத்தான் அறிவார்கள். கழுவிய கொட்டையைப் பசையரிசியின் மேல் பரப்பி அவிப்பார்கள். ஒருவர் மரச் சம்மட்டியால் இடிக்க, மற்றவர் இடிக்கும் இடிக்கும் நடுவே ஈரக்கையால் மாவைப் புரட்டுவார்.

இதைப் பஞ்சகால உணவு என்பவர்கள் பாதியையே சொல்கிறார்கள். வயல் குறைந்த மலையூர்களில் தொச்சி அரிசிக்கு ஈடுகொடுத்தது உண்மைதான். ஆனால் உழைப்பும் விறகும் இவ்வளவு விழுங்கும் பண்டம் புத்தாண்டுக்கும் விருந்துக்கும் உரியதாகவும் இருந்தது. சில ஊர்களில் மரத்தை வெட்டத் தடை இருந்தது. மகளின் சீதனமாகத் தொச்சி மரத்தைக் கொடுத்த வழக்கமும் உண்டு.

குத்ஸுகி கிராமம் 2005இல் அண்டை ஊர்களோடு இணைந்து தகாஷிமா நகரமானது. மான்கள் பெருகி, ஊருக்குள் கொட்டை குறைந்துவிட்டது. இப்போது மொச்சியைப் பெரும்பாலும் இயந்திரத்தில் இடித்து, நினைவுப்பொருள் கடைகளில் விற்கிறார்கள்.