பெங்களூருவில் டூல்ரூம் வளர்ந்த கதை

பெங்களூரு என்றதும் இன்று எல்லாருக்கும் கம்ப்யூட்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, கேட்ட உதிரிபாகத்தைக் கேட்ட அளவில் செய்து கொடுக்கும் ஊர் என்று இது பெயர் வாங்கிவிட்டது. தமிழகத்திலிருந்து வந்த டர்னர், ஃபிட்டர் பலருக்குச் சோறு போட்டதும் இந்தத் தொழில்தான்.

கடையில் கிடைக்கும் போல்ட், நட்டு வேறு. ஒரே ஒரு வாடிக்கையாளரின் எந்திரத்துக்காகச் செய்யும் பாகம் வேறு. பின்னதற்கு முதலில் டை, ஜிக், ஃபிக்ஸர், கேஜ் எல்லாம் தயாராக வேண்டும். இவற்றைச் செய்யும் இடமே டூல்ரூம்.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். விமான வேலையில் "ஏறக்குறைய சரியா இருக்கு" என்ற பேச்சே கிடையாது. பின்னர் 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டுறவுடன் ஹெச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள எந்த ஆலையாலும் முடியாது. ஆகவே வெளியே இருந்த சிறு பட்டறைகளுக்கு ஜாப்ஒர்க் பிறந்தது.

முதல் சிக்கல் அளவு. நம் ஊரில் இஞ்சுக்கு எட்டு நூல் என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் பலர். 1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்து, நாடு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. இதன் பயன் பெரிது. டிராயிங்கில் 25 மி.மீ. துளைக்கு "ஹெச் 7" என்று போட்டிருந்தால், அந்தத் துளை 25 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, அதற்கு மேல் 21 மைக்ரானைத் தாண்டவும் கூடாது. அதாவது தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! கன்னடம் தெரியாத சேலத்துக்காரரும் தமிழ் தெரியாத ஹாசன்காரரும் அந்த ஓர் எண்ணைப் பார்த்து ஒரே பாகத்தைச் செய்ய முடிந்தது.

இரண்டாவது, பயிற்சி. 1959-ல் தலச்சேரி அருகே நெட்டூரில் சுவிஸ் உதவியுடன் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கி, பின்னர் பெங்களூருவிலும் வேர்விட்டது, அதுவே என்.டி.டி.எஃப். 1972-ல் டென்மார்க் உதவியுடன் அரசு டூல்ரூம் பயிற்சி மையம் அமைந்தது. 1975 ஏப்ரல் 19-ல் விண்ணுக்குச் சென்ற ஆரியபட்டா உருவானதும் பீனியா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வளவு வளர்ந்தும் ஒன்று மட்டும் பல இடங்களில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டது. "சார், டை யாரோடது?" என்ற கேள்வி. டைக்குப் பணம் தருபவர் வாடிக்கையாளர். அது கிடப்பதோ பட்டறையில். உடைந்தால் யார் செலவு, ஆர்டர் வேறிடம் போனால் டையும் போகுமா என்பதை எழுதி வைக்காததால் நீண்டநாள் உறவுகள் முறிந்ததுண்டு. டிராயிங்கின் எந்தத் திருத்தப் பிரதி, முதல் மாதிரியைப் பார்த்துக் கையெழுத்திட்டது யார் என்பதும் அப்படியே. பாகத்தை மைக்ரான் கணக்கில் அளந்தவர்கள் ஒப்பந்தத்தை அளக்கவில்லை.

பணம் விஷயத்தில் சட்டம் கைகொடுக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு பட்டறைக்குச் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் கேட்பதற்கும் காகிதம் வேண்டுமே!

1961-ல் சிட்டிசன் கூட்டுறவுடன் தொடங்கிய ஹெச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆலை மூடினாலும் அங்கே கற்ற கை சும்மா இருக்கவில்லை; பலரது அனுபவம் சிறு பட்டறைகளில் தொடர்ந்தது. நம் சங்கக் குடும்பங்களிலும் அப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பழைய டிராயிங்கையும் கேஜையும் காயலான் கடைக்குப் போடுமுன், பக்கத்தில் உட்கார்ந்து அவை எதற்குச் செய்தவை என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் அவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.